முதல் ஞாயிற்றுக்கிழமையின் மாத்திரை

அக்கா,

காலையில் நாள்காட்டியில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்தேன். அடியில் உங்கள் மாத்திரை இருந்தது. அட்டையிலிருந்து சதுரமாக வெட்டியெடுத்த ஒற்றை மாத்திரை. வெள்ளித் தகட்டின் ஓரத்தில், மருந்தில் படாமல், ஒரு ஸ்டேப்ளர் பின். அதற்குக் கீழே நீல மையில் உங்கள் சாய்ந்த கையெழுத்து: "சோறு உண்டுட்டு ஒண்ணு. இனி அடுத்த மாசம்தான்." இந்த வருடம் பிறந்தபோது பன்னிரண்டு மாதங்களின் முதல் ஞாயிறுகளில் நீங்கள் குத்திவைத்தவற்றில் இது பத்தாவது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. மாத்திரை மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

வழக்கமாக நான் அதைப் பிய்த்து அம்மையின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இன்று தம்பி சகாயம் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கல்ஃபிலிருந்து லீவில் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. நாள்காட்டியை எட்டிப் பார்த்தவனின் முகம் மாறிப்போயிற்று.

"இப்பமும் அந்த மெடிக்கல்காரிக்க குளிகையா அம்மைக்கு? ஒரு தடவ கொல்லப் பாத்தது போதாதா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் அப்படிப் பேசுவதற்கு இரண்டு வருடமாக இடம் கொடுத்தவள் நான்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரார் நிலத்துக்கெல்லாம் பத்திரம் தட்டச்சு செய்கிறவளுக்குக் கடிதம் அவ்வளவு எளிதாக வராது. நான்கு எல்லைகளையும் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நினைத்தால் முதலில் அந்தக் குடைதான் கண்ணில் வரும். ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. காலை ஏழு மணிக்கும் குடை, மேகம் மூட்டியிருந்தாலும் குடை. மணிக்கட்டு வரை சட்டைக்கை, காலில் உறை. குருசடி முக்கில் உங்கள் மெடிக்கல் ஷாப்பைத் திறக்க நீங்கள் வருவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "குடையக்கா வாறாங்க" என்று கத்தும். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர், கறுத்துவிடுவோம் என்று பயமா என்று கேலியாகக் கேட்டாராம். "கறுத்தாக்கூட கொள்ளாம் ஃபாதர், நான் செவந்துல்லா போவேன்" என்றீர்களாம். வெயில் பட்டால் உங்கள் தோல் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும், காய்ச்சல் அடிக்கும். அந்த நோயின் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் மனசிலாகாது என்று, "எனக்கும் வெயிலுக்கும் ஆவாது" என்று மட்டும் சொல்வீர்கள்.

வலையும் மீனும் துணியும் மனிதரும் வெயிலிலேயே காய்கிற ஊர் நம்முடையது. அந்த ஊரில் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குப் போய்ப் போயே நீங்கள் கடை நடத்தினீர்கள். ஒரு கல்யாணத்துக்கோ அடக்கத்துக்கோ நீங்கள் வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கும் வெயில் பயம் உண்டு. ஆனால் நோய் எதுவும் கிடையாது, முகத்தில் மங்கு விழுந்துவிடும் என்ற பயம்தான். புதுக்கடை ஊருக்கு வேலைக்குப் போகும்போது தலை, முகம், கழுத்து எல்லாம் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டர் ஓட்டுவேன். "ஏட்டி, எந்த பேங்க கொள்ளையடிக்கப் போற?" என்று கடைக்குள்ளிருந்து சத்தம் போடுவீர்கள்.

அம்மையின் கதை வேறு. முப்பது வருடம் தலையில் கடவம் என்கிற மீன்கூடை சுமந்து, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புதுக்கடை வரைக்கும் வீடு வீடாக நடந்தவள். எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் வீட்டில் கஞ்சி பொங்கியதும் அந்த நடைதான். சகாயம் கல்ஃபில் ஊன்றி, வீடு கட்டி, தரைக்கு டைல்ஸ் போட்ட அன்று கடவத்தைத் தூக்கி வெளியே போட்டான். "இனி அம்மை வெயில்ல எறங்கப்பிடாது. கொண்ட வெயிலு போதும்" என்றான். ஊரே அவனைப் பாராட்டியது. நானும்தான் பாராட்டினேன். அம்மை நான்கு வருடம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். கடல்காற்றில் டிவி துருப்பிடிக்கும் என்று ஜன்னலும் சாத்தியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஆட்டோவில் போய் ஆட்டோவில் வருவாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவள் வெளுத்துப்போனதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மகன் நன்றாக வைத்திருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அவள் தொடை நோவு என்றாள். நாங்கள் கல்ஃப் தைலம் தேய்த்தோம். முதுகு நோவு என்றாள். இன்னொரு தைலம் வந்தது. நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பிடித்தாள், பூசையில் முட்டுப்போட முடியவில்லை என்று அழுதாள். வயது ஆகிறது என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். அறுபத்தொன்று ஒரு வயதா என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள்தான் பார்த்தீர்கள். கோவில் படி மூன்றே மூன்று. அதில் அம்மை இரண்டு கையையும் தொடையில் ஊன்றி ஏறுவதைக் குடைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பூசை முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

"அம்மைக்க நடை செரியில்ல மக்கா. வாத்து நடக்கது போல சாயுது. இது வயசுக்க நோவு இல்ல, எலும்புக்க நோவு. டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் பாரு. வைட்டமின் டி பாக்கச் சொல்லு."

ரத்தம் பார்த்ததில் அது தரைமட்டத்தில் கிடந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார்: அறுபதாயிரம் யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். ஃபோனில் சகாயம் சிரித்தான். "தெனமும் மீன் தின்னுத வீட்டுல வைட்டமின் கொறையுமா?" என்று கேட்டான். நான் ஃபோனை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

"மீன்ல கொஞ்சம் உண்டு மக்கா, இல்லன்னு சொல்லல. ஆனா மிச்சத்த நம்ம தோலுதான் வெயில்ல நின்னு உண்டாக்கணும். ஒனக்க அம்மை நாலு வருசமா வெயிலே காணல, கேட்டியா?"

"ஹாலுக்குள்ள நல்லா வெயிலு வருமே, கண்ணாடி ஜன்னலு வச்சிருக்கேனே."

"கண்ணாடி வழியா வாற வெயிலு வெளிச்சத்துக்குக் கொள்ளாம். எலும்புக்குக் கொள்ளாது."

நீங்களும் அதே மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் பக்கமே போக முடியாத உங்களுக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. "ஒனக்க அம்மைக்கு வெயிலு உண்டு, போவ மனசு இல்ல. எனக்கு மனசு உண்டு, வெயிலு இல்ல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரத்துக்கு ஒரு மாத்திரை என்பது மறக்கத்தான் லாயக்கு. தினமும் போடுகிற மாத்திரையைச் சாயாவோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். வாரத்துக்கு ஒன்றை எதோடு சேர்ப்பது? அதற்கு நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். நம் கடற்கரையில் வாரம் ஒரு முறை வந்து, ஒருவரும் மறக்காத காரியம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான். நீங்களே அப்படித்தான் போட்டு வந்தீர்கள். அதையே எல்லோருக்கும் சொன்னீர்கள். அம்மையின் கையில் அட்டையை வைத்து, "பூசை கண்டுட்டு வந்து, சோறு உண்டுட்டு ஒண்ணு. அம்புட்டுதான்" என்றீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மை அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஆறாவது மாத்திரைக்கு அம்மை மேசையைப் பிடிக்காமல் எழுந்தாள். அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கியதும் அம்மை ஒரு நேர்ச்சை போட்டாள். கால் கொடுத்த ஆண்டவருக்காக உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் தினமும் பூசை காண்பது, ஒருசந்தி இருப்பது, அதுவும் ஆட்டோவில் அல்ல, நடந்து. விடியற்காலையில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு நடந்து போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பூசை கண்டாள். ஒருசந்தி என்பதால் மத்தியானம் ஒரு வேளை சோறு உண்டாள். உண்டதும் ஒரு மாத்திரை போட்டாள். தினமும்.

மூன்றாம் நாள் என்னிடம் "குளிகை தீந்து போச்சு மக்கா" என்றாள். இந்த இடத்தில்தான் அக்கா, என் கை நிற்கிறது. ஒரு சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் என்று என்னை ஆபீசில் சொல்வார்கள். அந்தக் கண்ணுக்கு, எட்டு வாரத்து மாத்திரை எப்படி அதற்குள் தீரும் என்று தோன்றவில்லை. அட்டையில் எழுதியிருந்ததைக்கூட நான் படிக்கவில்லை. உங்கள் கடைக்கு வந்திருந்தால் நீங்கள் ஒரே கேள்வியில் பிடித்திருப்பீர்கள். மாசிக் கடைசி, பத்திர வேலை குவிந்து கிடந்தது. புதுக்கடையில் கண்ணில் பட்ட ஒரு கடையில் காலி அட்டையைக் காட்டினேன். அடிக்கடி அலைய வேண்டாமே என்று ஒரு பெட்டியாகவே வாங்கி, அம்மையின் தலைமாட்டில் வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு.

ஒரு மாதம் போனது. அம்மைக்கு வாய் கசந்தது, சோறு இறங்கவில்லை. ஒருசந்தி இருப்பதால் என்றோம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பங்குனி வெயில் என்றோம். வாந்தி எடுத்தாள். அதற்கும் ஒரு காரணம் சொன்னோம். தவக்காலத்தில் மெலிந்துபோகிற அம்மையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், பக்தி என்றுதான் நினைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை. ஏழாம் தலத்தில் அம்மை முட்டுப்போட்டவள் எழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "வெள்ளம் தா" என்றாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. நீங்கள் அந்தப் பக்கத்து வரிசையிலிருந்து நேராக எங்களிடம் வந்து தரையில் உட்கார்ந்து அவள் நாக்கைப் பார்த்தீர்கள்.

"ஒரு நாளு எத்தன செம்பு வெள்ளம் குடிக்கீங்க அம்மை?"

"கணக்கில்ல பிள்ளே. குடிச்சிட்டே இருக்கேன்."

"குளிகை எப்பம் போடுதீங்க?"

"நீ சொன்னது போலதான். பூசை கண்டுட்டு வந்து, சோறு உண்டுட்டு."

"எந்தப் பூசை?"

அம்மை உங்களை ஒரு மாதிரி பார்த்தாள். "எல்லாப் பூசையும்தான். நான் தெனமும்லா பூசை காணுதேன்" என்றாள்.

உங்கள் முகம் ரத்தம் வற்றி வெளுத்ததை நான் பார்த்தேன். எழுந்து வெளியே ஓடினீர்கள். எட்டாம் தலம் தொடங்குவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. வீட்டு வழியாகப் போய், அம்மையின் தலைமாட்டுப் பெட்டியிலும் குப்பைக்கூடையிலும் கிடந்த காலி அட்டைகளையெல்லாம் உங்கள் கைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினீர்கள். மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அம்மையின் தலை உங்கள் மடியில் இருந்தது.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கிடக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது என்றார் டாக்டர். இந்த வைட்டமின் உடம்பில் தங்கிவிடும், அதிகமானதை அப்படியே வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது என்று விளக்கினார். குழாய் குழாயாக மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். அம்மைக்குப் புத்தி தடுமாறி, கட்டிலில் படுத்தபடியே நர்சுகளிடம் சாளை மீன் விற்றுக்கொண்டிருந்தாள். "நல்ல பெடக்குத சாளை, எடுத்துக்க மக்களே" என்று வெறுங்கையை நீட்டுவாள். ஒரு நர்ஸ் பெண் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலை சகாயம் வீடியோவில் வந்தான். யார் சொல்லி இப்படிப் போட்டாள் என்று கத்தினான். என் கையிலிருந்த ஃபோனை நீங்கள் வாங்கினீர்கள்.

"நான்தான் மக்கா. பூசைக்குப் பொறவுன்னு சொன்னது நான். ஞாயித்துக்கெழமைன்னு சொல்லல. தப்பு எனக்கது."

அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். கடையைப் பூட்ட வைக்கிறேன் என்றான், கொலைகாரி என்றான். நீங்கள் அவன் முடிக்கும் வரைக்கும் ஃபோனை முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தீர்கள். பக்கத்தில் நான் நின்றேன். அந்தப் பெட்டியை வாங்கியது நான் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரவில்லை. அம்மை பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நேரத்தில், தப்பு இன்னொருவர் தலையில் இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம்கெட்ட நிம்மதி.

அடுத்து நீங்கள் செய்ததுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாது. அம்மை ஒருத்திக்குச் சொன்ன வார்த்தை இல்லையே அது. ஊரில் எத்தனையோ பேருக்கு நீங்கள் அதே வாய்ப்பாட்டைச் சொல்லியிருந்தீர்கள். புனித வாரத் திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு, வாரம் ஒரு மாத்திரை வாங்கினவர்கள் வீட்டையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினீர்கள். வெயில் ஏறும் முன்னே முடிக்க முடியாத வேலை. உச்சிப் பொழுதில் மணலும் கீழிருந்து சுடும், அதற்குக் குடை என்ன செய்யும்? வடக்குத் தெருவில் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிற ஓர் அம்மை, தவக்காலக் கடைசியென்று நான்கு நாளாகத் தினமும் பூசை கண்டு, தினமும் மாத்திரை போட்டிருந்தாள். ஐந்தாவதை வாயில் போடப் போனபோது நீங்கள் உள்ளே நுழைந்தீர்களாம். தினமும் போட்டால் ஆளையே கொண்டுபோகிற மருந்தாம் அது. கையைப் பிடித்துத் தட்டிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அவள் மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் உங்கள் முகமெல்லாம் சிவந்து, விரல்கள் மடங்காமல் படுத்துவிட்டீர்கள். கடை இரண்டு வாரம் பூட்டியிருந்தது. "பயந்து பூட்டிட்டா" என்று ஊரில் பேசினார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

அம்மை பிழைத்தாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்ட உங்கள் அறையில், கட்டில் ஓரத்தில் நின்று, பெட்டியாக வாங்கியது நான்தான் என்று சொன்னேன்.

"இரி" என்றீர்கள். பிறகு, "தெரியும் மக்கா. அந்தக் கம்பெனிக்க குளிகைய நான் கடையில வைக்கதே இல்ல" என்றீர்கள்.

"பொறவு ஏன் சொல்லல அக்கா? சகாயம் உங்கள அம்புட்டு ஏசினானே!"

"என்னை ஏசிட்டு ஃபோன வைப்பான். ஒன்னை ஏசினா ஒனக்கு அம்மைய பாக்கதுக்கு கை ஓடுமா? நீதானே அவளுக்குக் கூட இருக்க வேண்டியவ." தலையணையில் திரும்பிப் படுத்தீர்கள். "அதுவும் போவ, நான் சொன்னது பொய்யில்ல. சொன்ன விதம் தப்பு, அது எனக்கது. எனக்கத நான் சொல்லியாச்சு. ஒனக்கத எப்பம் சொல்லணுமோ நீ சொல்லு. நான் கேக்க மாட்டேன்."

நீங்கள் கேட்கவே இல்லை. எழுந்து வந்ததும் கடையில் முதல் வேலையாக ஸ்டேப்ளர் ஒன்று வாங்கிப் போட்டீர்கள். வார மாத்திரை, மாத மாத்திரை வாங்குகிறவர்கள் வீட்டு நாள்காட்டியைக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். அட்டையை ஒற்றை ஒற்றையாக வெட்டி, அந்தந்தத் தாளில் குத்திக் கொடுத்தீர்கள். காலாவதித் தேதி தாண்டுமானால் குத்த மாட்டீர்கள். தாளைக் கிழித்தால் மாத்திரை வரும், வராத நாளில் மாத்திரை இல்லை. எழுத்துத் தெரியாதவர்களும் தப்ப முடியாது. நாள்காட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் உங்கள் கடை வாசலில் நிற்பதைப் பார்த்து, உங்கள் கடையை விட்டு விலகிப் போயிருந்தவர்களும் மெல்லத் திரும்பி வந்தார்கள். நீங்கள் யாரையும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை, வந்த ஒவ்வொருவரிடமும் பழைய தப்பை நீங்களே சொல்லித்தான் குத்திக் கொடுத்தீர்கள். கடைக்காரர் ஒருவர் தன் தப்பை இப்படிக் கூவி விற்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அம்மைக்கு மாதக்கணக்கில் ஒரு மாத்திரையும் கிடையாது. ரத்தம் சீரான பிறகு மாதம் ஒன்று போதும் என்றார் டாக்டர். கூடவே வெயிலும் கொஞ்சம் என்றார். நீங்கள் அதற்கும் கடிகாரம் தெரியாதவளுக்கு ஒரு வழி சொன்னீர்கள்: "ஒங்களுக்க நெழலு ஒங்கள விட குட்டையா இருக்கும்போ மாடிக்குப் போங்க. கொஞ்ச நேரம் நின்னாப் போதும். கருவாடாவ வேண்டாம்." அம்மை சும்மா நிற்கிற ஆள் இல்லை. நெத்திலி வாங்கி மொட்டைமாடியில் காயப்போட ஆரம்பித்தாள். இத்தாலி டைல்ஸ் போட்ட வீட்டில் கருவாட்டு வாடை என்று சகாயம் ஃபோனில் தலையில் அடித்துக்கொண்டான். அம்மையின் மேனி மீண்டும் கறுத்தது. இப்போது தொடையில் கை ஊன்றாமல் படி ஏறுகிறாள்.

உங்களுக்குத்தான் அந்த வெயில் பிறகு முழுதாக இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை படுத்தபோதும் முன்னைவிட மெலிந்து எழுந்தீர்கள். ஆனி மாதம் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது, அம்மையின் நடையைக் கேட்டீர்கள். பிறகு, "ஒனக்க தம்பி எப்பம் வாறான்?" என்றீர்கள். புரட்டாசிக்கு என்றேன். "ம்" என்றீர்கள். அவ்வளவுதான். ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. திரும்பி வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். முக்காட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் உங்கள் அடக்கத்துக்கு நான் போகக் கூடாது என்று சகாயம் ஃபோனில் சொன்னான். போனேன். ஆனால் அப்போதும் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று சொன்னேன் அக்கா. அவன் நாள்காட்டியிலிருந்து அந்த மாத்திரையைப் பிய்க்கக் கையை நீட்டினான். நான் கையைப் பிடித்தேன்.

"அந்தப் பெட்டிய வேங்கினது நான்தாம்ல" என்றேன். "அக்கா குடுத்தது எட்டே எட்டு குளிகை. மிச்சம் எல்லாம் நான் புதுக்கடையில வேங்கி அம்மைக்க தலமாட்டுல வச்சது. அக்காளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நீ ஏசினதெல்லாம் கேட்டுட்டு நின்னா."

 அவன் என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நின்றேன். அவன் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் கையெழுத்தை வாய்க்குள் படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு செருப்புகூடப் போடாமல் வெளியே போனான். அம்மை அடுக்களையிலிருந்து வந்து, "என்னட்டி?" என்றாள். அவளிடமும் சொன்னேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கும்படி. பிறகு அதே கையால் தடவிவிட்டாள்.

சகாயம் திரும்பி வரும்போது மணி ஒன்று தாண்டியிருந்தது. ஏசி இல்லாமல் இருக்கத் தெரியாதவன் நெற்றியெல்லாம் வியர்த்து, பிடரி சிவந்து நின்றான். எங்கே போனாய் என்று அம்மை கேட்டாள்.

"கல்லறைத் தோட்டத்துக்கு" என்றான். சோற்றுக்கு உட்கார்ந்து, தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்: "அக்காளுக்க இடத்துல ஒரு பொட்டு நெழலு இல்லம்மா. வெயிலு நேரா அடிக்கி. அவங்களுக்கு வெயிலு ஆவாதுல்லா."

நாளைக்குப் புன்னைக் கன்று ஒன்று வாங்கி வருகிறான். பங்குச் சாமியாரிடம் நான் அனுமதி கேட்க வேண்டும், தண்ணீர் ஊற்றுவது அம்மையின் பொறுப்பு. அது வளர்ந்து நிழல் விழ எத்தனை வருடமாகுமோ. நாள்காட்டியில் இன்னும் இரண்டு மாத்திரை இருக்கிறது. அதற்குப் பிறகு குத்த வேண்டிய ஸ்டேப்ளரை உங்கள் கடையை எடுத்து நடத்துகிற பெண்ணிடம் கேட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன். இனி சாயங்காலம் அந்தக் கடையில் நின்று, டாக்டர் எழுதிய சீட்டோடு நாள்காட்டியைக் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் எந்தப் பூசை என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவேன். பிறகு என் தப்பையும் சொல்வேன்.